மழைத்துளி முதல் மணல் துகள் வரை: முத்தின் பிறப்பு பற்றிய நம்பிக்கைகளின் வரலாறு

இரத்தினங்களாகக் கொள்ளப்படும் பொருள்களுள், உயிருள்ள உடலுக்குள் உருவாவதாலும், வெட்டுதலோ பட்டை தீட்டுதலோ இன்றி எடுத்த வடிவிலேயே அணியத்தக்கதாய் இருப்பதாலும் முத்து தனித்து நிற்கிறது. அதனாலேயே, மாணிக்கத்தையும் மரகதத்தையும் பற்றி அவ்வளவாக எழாத ஒரு கேள்வி, அதாவது இது எங்கே எப்படிப் பிறக்கிறது என்பது, முத்தை எடுத்த நாடுகளிலும் வாங்கிய நாடுகளிலும் ஒருங்கே எழுந்தது. அக்கேள்விக்கு இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வந்த விடைகளுள் இரண்டு பெருவழக்குப் பெற்றன. வானிலிருந்து விழும் நீர்த்துளி சிப்பிக்குள் புகுந்து முத்தாகிறது என்பது ஒன்று. கடலடியின் மணல் துகள் சிப்பிக்குள் சிக்கி முத்தாகிறது என்பது மற்றொன்று. முதலாவது இன்று கவிமரபாக மட்டுமே எஞ்சியிருக்க, இரண்டாவது நகைக்கடை விளம்பரங்களிலும் சிறுவர் நூல்களிலும் ஐயத்துக்கு இடமற்ற அறிவியல் உண்மைபோல வழங்கி வருகிறது. இரண்டையும் அருகருகே வைத்து ஆராய்ந்தால், பின்னது முன்னதைத் திருத்திய கொள்கை ஆகாது என்பதும், வெளியிலிருந்து வரும் ஒரு சிறு பொருளே முத்தின் காரணம் என்ற அதே எண்ணத்தை வேறு சரக்கைக் கொண்டு நிரப்பியது என்பதும் புலப்படும். இந்த எண்ணம் ஏன் இவ்வளவு காலம் நிலைத்தது என்பதற்கான விடையின் பெரும்பகுதி, முத்துக்குளிப்பு வரலாற்றின் மிகப் பழைய களங்களுள் ஒன்றான மன்னார் வளைகுடாவில், அத்தொழில் நடந்த முறையிலேயே கிடைக்கிறது.

துளியின் கதை

கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய அறிஞர் பிளினி, தம் இயற்கை வரலாற்று நூலின் ஒன்பதாம் பகுதியில், சிப்பி குறிப்பிட்ட பருவத்தில் வாய் திறந்து பனித்துளியை ஏற்றுக் கருக்கொள்கிறது என்றும், ஏற்ற துளியின் தன்மைக்கேற்ப முத்தின் தன்மை அமைகிறது என்றும், வானம் மூடியிருந்தால் முத்து வெளிறிப் போகிறது என்றும், இடி முழங்கினால் சிப்பி அஞ்சி மூடிக்கொள்வதால் முத்து வளர்ச்சி குன்றுகிறது என்றும் எழுதினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பயணம் செய்த தூதெலா நகரத்து யூதரான பெஞ்சமின், பாரசீக வளைகுடாவில் வசந்தகால மழைநீரை உயிரினங்கள் விழுங்கிக் கடலடிக்குச் செல்வதால் முத்து உண்டாகிறது என்ற செய்தியைப் பதிவு செய்தார். இந்திய மரபில் இதே கருத்து வானநூலோடு இணைந்தது: இருபத்தேழு நட்சத்திரங்களுள் பதினைந்தாவதாகிய சுவாதியில், அதாவது தமிழில் சோதி எனப்படும் நாள்மீனில், சூரியன் நிற்கும் காலத்து மழைத்துளி சிப்பியில் விழுந்தால் முத்தாகும் என்பது வடமொழி நீதி இலக்கியத்தில் பெருவழக்கான உவமை. சூரியன் சுவாதியில் நிற்பது ஐப்பசி மாதத்தின் ஒரு பகுதி ஆதலால், அக்காலம் தமிழகக் கடற்கரையில் வடகிழக்குப் பருவமழையின் தொடக்கத்தோடு பொருந்தி வருகிறது.

ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரரின் பிருகத் சம்கிதை, முத்துப் பிறக்கும் இடங்களை எட்டாக வகுத்து, யானை, பாம்பு, சிப்பி, சங்கு, மேகம், மூங்கில், பெருமீன், பன்றி ஆகியவற்றை எண்ணுகிறது. தமிழ் மரபில் இப்பட்டியல் இருபதாக விரிந்து, கமுகு, வாழை, கரும்பு, செந்நெல், தாமரை, கொக்கு, உடும்பு, முதலை, சந்திரன் முதலியவற்றையும் சேர்த்துக்கொள்கிறது. இப்பட்டியல்களை முழுக் கற்பனை என்று ஒதுக்கிவிட இயலாது. சங்கினத்து உயிர்களுள்ளும் முத்துப் போன்ற திரட்சிகள் உண்டாவதுண்டு. யானைத் தந்தத்தின் உட்குழிவில் தந்தப் பொருளாலேயே ஆன சிறு உருண்டைகள் சில வேளைகளில் காணப்படுகின்றன. மூங்கிலின் கணுவிடைகளில் சிலிக்கா நிறைந்த நீர்மம் இறுகி, மருந்துக் கடைகளில் மூங்கிலுப்பு என விற்கப்படும் வெண்கட்டியாகிறது. உயிருள்ளவற்றின் உள்ளே எதிர்பாராமல் கிடைத்த உருண்டையும் கடினமுமான எல்லாவற்றையும் ஓரினமாகத் தொகுக்கும் முயற்சியாகவே இப்பட்டியலின் தொடக்கத்தைக் கொள்ளலாம். தொகுத்த பின்னர் எண் வளர்வதும், கண்டவற்றோடு காணாதவை சேர்வதும் இத்தகைய பட்டியல்கள் எங்கும் அடையும் போக்கே.

மழைத்துளிக் கொள்கை இத்தனை நாடுகளில் தனித்தனியே செழித்ததற்கு வடிவ ஒற்றுமை மட்டும் காரணமன்று. ஒரே இடத்தில் வாழும், ஒரே வயதுடைய சிப்பிகளுள் பெரும்பாலானவற்றில் முத்து இல்லாமலும் மிகச் சிலவற்றில் மட்டும் இருந்தும் வரும் நிலையை எந்தக் கொள்கையும் விளக்கியாக வேண்டியிருந்தது. குறித்த நாளில், குறித்த கணத்தில், திறந்த வாய்க்குள் விழும் துளி என்ற கருத்து அந்த அருமையை நன்கு விளக்கியது. முத்தின் நிறவேறுபாட்டை வானிலையும், அளவு வேறுபாட்டைத் துளியின் பருமனும் விளக்கின. கேள்விகள் யாவற்றுக்கும் விடை தந்த கொள்கையை ஐயுறுவதற்கு, கடலின் ஆழத்தை அறிந்தவரின் சான்று வேண்டியிருந்தது. ஆனால் நூலெழுதியோர் கடலில் இறங்கியவர் அல்லர், கடலில் இறங்கியோர் நூலெழுதியவர் அல்லர்.

பாரும் சலாபமும்

முத்துச்சிப்பி மணற்பாங்கான கடலடியில் வாழ்வதில்லை. கரையிலிருந்து விலகி, சுமார் 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் ஆங்காங்கே எழுந்து நிற்கும் பாறைத் தளங்களில், நார்க்கற்றை ஒன்றைச் சுரந்து அதனால் தன்னைப் பிணைத்துக்கொண்டு அது கூட்டமாக வாழ்கிறது. இத்தளங்களையே கடலோடிகள் பார் என்று அழைத்தனர். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தொலையிரம் பாரும், இலங்கைக் கரையில் அரிப்புக்கு எதிரே உள்ள செவல் பாரும் பெரிய பாரும் இவற்றுள் பேர்பெற்றவை. சிப்பியின் குஞ்சுகள் சுமார் மூன்று வாரம் நீரோட்டத்தில் மிதந்து திரிந்த பின்னரே ஓரிடத்தில் படிகின்றன என்பதால், ஓராண்டு ஒரு பார் நிறைவதும் அடுத்த ஆண்டு அது வெறுமையாவதும் இயல்பு. படிந்த இளஞ்சிப்பிகளைத் திருக்கையும் கிளாத்தியும் தின்றன. பருவக்காற்று கிளறிய மணல் புதைத்தது. சூரன் என்று குளியாளிகள் பெயரிட்டிருந்த சிறு மட்டியினம் பாய்போலப் பின்னிப் படர்ந்து மூச்சடைக்கச் செய்தது. இவற்றையெல்லாம் தப்பி நான்காண்டு நிறைந்த சிப்பிகளே எடுக்கத் தக்கவை. ஐந்தாறு ஆண்டுகளுக்கு மேல் அவையும் வாழ்வதில்லை.

இத்தொழிலின் தொன்மைக்கு அயலார் குறிப்புகளும் உள்நாட்டுச் சான்றுகளும் ஒருங்கே உண்டு. கௌடில்யரின் அர்த்தசாத்திரம் தாமிரபரணி முத்தையும் பாண்டியகவாட முத்தையும் பெயர் சுட்டி எண்ணுகிறது, கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழி நூலான பெரிப்ளுஸ், பாண்டிய நாட்டுக் கொற்கையில் தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு முத்துக் குளிக்கப்பட்டது என்கிறது. சங்கப் பாடல்கள் கொற்கை முத்தைப் பலமுறை பேசுகின்றன. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அளித்த அணிகலன்களைப் பதிந்த கல்வெட்டுகள், முத்துகளை வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை, சப்பத்தி, குளிர்ந்த நீர், சிவந்த நீர் என வடிவத்தாலும் ஒளியாலும் பகுத்து எண்ணிக்கையோடும் எடையோடும் காட்டுகின்றன. முத்து எத்தகையது என்பதில் இத்துணை நுட்பமான அறிவு பதினோராம் நூற்றாண்டிலேயே திரண்டிருந்தது. அது எங்கிருந்து வந்தது என்பதில் அந்நுட்பத்தின் சாயல்கூட இல்லை.

இந்த ஏற்றத்தாழ்வை விளங்கிக்கொள்ள, சலாபம் எனப்பட்ட முத்துக்குளிப்பின் நடைமுறையைக் காண வேண்டும். இரு பருவக்காற்றுகளுக்கும் இடையே கடல் அமைதியாகவும் தெளிவாகவும் இருக்கும் மாசி இறுதி முதல் சித்திரை வரையிலான காலத்தில், அரசின் அறிவிப்பின்பேரில் தோணிகள் கூடும். குளியாளி ஒரு கல்லின் பாரத்தால் விரைந்து ஆழம் சென்று, கைக்கு எட்டிய சிப்பிகளைப் பையில் திரட்ட, தோணியில் இருப்பவர் கயிற்றைப் பற்றி அவரை மேலே இழுப்பார். தென்பாண்டிக் கடற்கரையின் பரதவர்களும், கீழக்கரை முதலிய ஊர்களின் முசுலிம் குளியாளிகளும், இலங்கைச் சலாபங்களில் பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அராபியரும் இவ்வேலையில் பெயர்பெற்றோர். அவர்களைப் பற்றியும் ஒரு பெரும் தவறான கருத்து பரவியிருந்தது: ஐரோப்பியப் பயணிகள் பலர், குளியாளிகள் ஐந்து நிமிடமும் அதற்கு மேலும் மூச்சடக்குவர் என எழுதினர். ஆனால் இலங்கைப் பார்களின் மேற்பார்வையாளராய் இருந்து 1843-இல் நூல் வெளியிட்ட சேம்சு ஸ்டுவர்ட் போன்று கடிகாரத்தோடு அளந்தவர்கள், வழக்கமான மூழ்கல் ஒரு நிமிடத்தை ஒட்டியது என்றும், ஒன்றரை நிமிடம் தாக்குப்பிடிப்பதே அரிது என்றும் கண்டனர்.

கரை சேர்ந்த சிப்பிகள் அங்கே திறக்கப்படுவதில்லை. கொட்டு எனப்பட்ட வேலியடைப்புகளுக்குள் அவை குவிக்கப்பட்டு, அரசின் பங்கும் குளியாளியின் பங்கும் பிரிக்கப்பட்ட பின், அரசின் பங்கு மூடிய நிலையிலேயே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடப்பட்டது; பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கும் ஒரு பங்கு குளியாளிக்கும் உரியதாய் இருந்தது. ஏலம் எடுத்த வணிகர் தம் சிப்பிகளைத் தொட்டிகளில் இட்டு வாரக்கணக்கில் அழுக விடுவார். புழு தின்று தசை கரைந்த பின் கடல்நீரால் பலமுறை அலசி, ஓடுகளை நீக்கி, அடியில் தங்கிய வண்டலை உலர்த்தித் துழாவி முத்துகளைப் பொறுக்குவர். பின்னர் அவை அளவு வேறுபட்ட துளைகளையுடைய பித்தளைச் சல்லடைகளில் சலிக்கப்பட்டு, ஆணி முதல் தூள் வரை தரம் பிரிக்கப்படும்.

சிறு முத்துகள்கூடத் தவறாமல் கிடைப்பதற்கு இது சிறந்த வழி. ஆயினும் முத்தின் பிறப்பை அறிவதற்கு வேண்டிய சான்று முழுவதையும் அழிப்பதும் இதே வழிதான். முத்து சிப்பியின் உடலில் எப்பகுதியில் இருந்தது, ஓட்டோடு ஒட்டியிருந்ததா தசைக்குள் தனித்திருந்ததா, அதைச் சுற்றி என்ன திசு இருந்தது என்பன யாவும் தொட்டியில் கரைந்து போயின. முத்தை இலட்சக்கணக்கில் கையாண்டவர்களின் கண்ணுக்கு அது எப்போதும் தாயுடலிலிருந்து பிரிந்த பொருளாகவே பட்டது. பிரிந்து கிடக்கும் பொருளுக்குப் புறத்தேயிருந்து ஒரு தோற்றுவாயைக் கற்பிப்பது எளிதாயிற்று.

சுறாவைக் கட்டுவோர்

நம்பிக்கைகள் தொழிலின் கணக்கேட்டிலும் இடம்பெற்றிருந்தன. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடற்கரையைக் கண்ட மார்க்கோ போலோ, பெருமீன்கள் குளியாளிகளைத் தாக்காதபடி மந்திரத்தால் கட்டுவோர் இருந்தனர் என்றும், அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கும் மந்திரக்காரருக்கு இருபதில் ஒரு பங்கும் கொடுக்கப்பட்டன என்றும், அவர்கள் பகலில் மட்டும் கட்டி இரவில் கட்டை அவிழ்த்துவிடுவதால் களவாகக் குளிக்க எவரும் துணிவதில்லை என்றும் குறித்தார். கடல்கட்டி எனப்பட்டவரின் இப்பணி ஆங்கிலேயர் காலம்வரை நீடித்தது. மந்திரத்தில் நம்பிக்கையற்ற அதிகாரிகளும், அவரில்லாமல் குளியாளிகள் இறங்க மறுப்பர் என்பதால், அவருக்கு ஊதியம் அளித்து வந்தனர். இலங்கையில் பணியாற்றிய எமர்சன் டென்னன்ட் 1859-இல் வெளியிட்ட நூலில், பரம்பரையாய் அப்பணியைச் செய்த குடும்பத்தின் அக்காலத் தலைவர் கத்தோலிக்கக் கிறித்தவர் என்றும், அதனால் அவருடைய மந்திரத்தின் மதிப்புக் குறைந்ததாக எவரும் கருதவில்லை என்றும் எழுதினார்.

சுறாத் தாக்குதல் சலாபங்களில் அரிதாகவே நிகழ்ந்தது. நூற்றுக்கணக்கான தோணிகள் நெருங்கி நிற்பதும், ஓயாத இரைச்சலும், கற்கள் இடைவிடாமல் நீரில் விழுவதும் அவ்விலங்குகளை விலக்கி வைத்தன என்பதே அதிகாரிகள் கண்ட காரணம். மந்திரம் பலித்ததாகத் தோன்றுவதற்கு இவ்வருமையே போதுமானதாய் இருந்தது. முத்தைப் பற்றிய நம்பிக்கையோடு இதை ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு தெளிவாகும்: கடல்கட்டியைப் பற்றிய நம்பிக்கை, குளியாளிக்கு அச்சம் நீக்கியும் அரசுக்குக் களவைத் தடுத்தும் தொழிலுக்கு நேரடியாக உதவியது, மழைத்துளி பற்றிய நம்பிக்கையோ தொழிலின் எந்த நடைமுறையையும் மாற்றவில்லை, அதனால் நடைமுறை எதுவும் அதைச் சோதித்துப் பார்க்கவுமில்லை.

ஐயமும் அறுவையும்

துளிக் கொள்கையின் மீதான வலுவான மறுப்பு, கடலைக் கண்டவர்களிடமிருந்து வந்தது. ஆங்கிலக் கடலோடி ரிச்சர்டு ஆக்கின்சு, 1622-இல் வெளியான தம் பயண நூலில், ஆழ்நீரில் கிடக்கும் சிப்பிக்குப் பனித்துளி எட்டுவதெங்ஙனம் என்று வினவி, இது பழைய தத்துவவாதிகளின் கற்பனை என ஒதுக்கினார். அவருக்கும் முன்பே, பிரெஞ்சு இயற்கை அறிஞர் ரோந்தெலே 1554-இல், முத்து உடலில் உண்டாகும் நோய்த்திரட்சியை ஒத்தது என எழுதியிருந்தார். 1717-இல் ரெயோமூர், முத்தும் சிப்பி ஓட்டின் உள்ளடுக்கும் ஒரே பொருளால், ஒரே அடுக்கு முறையில் ஆனவை எனக் காட்டியபோது, கேள்வியின் வடிவமே மாறியது: முத்தின் பொருள் வானத்திலிருந்து வரவில்லை, ஓட்டைச் செய்யும் அதே உடற்பகுதியிலிருந்து வருகிறது என்றால், ஓட்டில் பரவ வேண்டிய அது உருண்டையாகத் திரள்வது ஏன் என்பதே எஞ்சிய வினா.

ஓட்டைச் சுரப்பது மேலுறை எனப்படும் மெல்லிய திசுப்படலம். அதன் வெளிப்புறத்தை மூடியுள்ள செல்லடுக்கு, அதாவது எபிதீலியம், அரகோனைட் என்ற சுண்ணாம்புப் படிகத்தையும், அப்படிகங்களை ஒட்டவைக்கும் கரிமப் பொருளையும் மாறிமாறிச் சுரக்கிறது. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த தடிமனுள்ள இப்படிகத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுவதால், அவற்றிடையே ஒளி பட்டுத் திரும்பிக் கலந்து முத்துக்குரிய மினுமினுப்பு உண்டாகிறது.

எஞ்சிய வினாவுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டு கண்ட விடை புழு. தூரின் நகரத்து பிலிப்பி 1852-இல் நன்னீர் மட்டியின் முத்துகளுக்குள் தட்டைப்புழு இளவுயிரிகளைக் கண்டார். சில ஆண்டுகளில், இலங்கையில் பிறந்த படைமருத்துவரும் இயற்கை அறிஞருமான எட்வர்டு கெலார்ட், அரசின் வேண்டுகோளின்பேரில் மன்னார் முத்துச்சிப்பியை ஆராய்ந்து, அதிலும் ஒட்டுண்ணிப் புழுக்களுக்கும் முத்துக்கும் தொடர்புண்டு என அறிவித்தார்; சிப்பி தன் நார்க்கற்றையை விடுவித்து இடம் மாறவும் வல்லது என்று காட்டியவரும் அவரே. 1860-இல் அவர் இறந்ததால் அப்பணி நின்றது.

1891-க்குப் பின் இலங்கைப் பார்களில் பத்தாண்டுக்கு மேல் சலாபமே நிகழாமற்போனது, அரசை மீண்டும் அறிவியலின் பக்கம் திருப்பியது. லிவர்பூல் பேராசிரியர் எர்டுமன் 1902-இல் இலங்கைக்கு வந்தார். அவருடைய உதவியாளர் சேம்சு ஆர்னெல் அங்கேயே தங்கி ஆய்வைத் தொடர்ந்தார். இருவரின் அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து பகுதிகளாக வெளிவந்தது. மன்னார் வளைகுடாவின் சிறந்த முத்துகளின் மையத்தில் நாடாப்புழு ஒன்றின் இளவுயிரி உள்ளது என்றும், சிப்பியைத் தின்னும் திருக்கையினுள் அது முதிர்ச்சி அடைகிறது என்றும் அவர்கள் முடிவு செய்தனர். பாரை அழிக்கும் பகைவன் எனக் குளியாளிகள் வெறுத்த மீன், முத்து உண்டாவதற்கே தேவையானது என்ற வியப்பான நிலையை இம்முடிவு தோற்றுவித்தது. அவ்வறிக்கையே மணல் துகளைப் பற்றியும் தெளிவாகப் பேசியது: ஓடு உடைந்தோ துளைபட்டோ போன அரிதான நிலைகளிலன்றி, மணல் முத்தின் மையமாவதில்லை என்று அது கூறியது.

அறிக்கை வெளிவந்த காலத்திலேயே பார்கள் செழித்தன. 1905-ஆம் ஆண்டுச் சலாபத்தில் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டு, அரசுக்கு ஏறத்தாழ 25 லட்சம் ரூபாய் கிடைத்தது. அடுத்த ஆண்டே, இலங்கைப் பார்கள் 20 ஆண்டுக் குத்தகைக்கு லண்டன் முதலீட்டாளர்களின் நிறுவனம் ஒன்றுக்கு விடப்பட்டன. சிப்பி ஒட்டுவதற்குக் கற்களைப் பரப்புதல், நெருக்கமான இளஞ்சிப்பிகளைப் பெயர்த்து வேறு பாரில் இடுதல் முதலான அறிவியல் முறைகளால் ஆண்டுதோறும் விளைச்சல் எடுக்கலாம் என்பது அவர்களுடைய எதிர்பார்ப்பு. 1907-க்குப் பின் பார்கள் வெறுமையாயின. சில ஆண்டுகளில் நிறுவனம் கலைக்கப்பட்டது. இலங்கையில் அடுத்த சலாபம் 1925-இல்தான் நிகழ்ந்தது. முத்தின் பிறப்பை அறிந்துவிட்டால் முத்தின் விளைச்சலும் கைக்குள் வந்துவிடும் என்று எண்ணியது இங்கே நேர்ந்த பிழை. முத்தைத் தீர்மானிப்பது ஒரு சிப்பியினுள் நிகழும் மாற்றம். பாரைத் தீர்மானிப்பது நீரோட்டமும் மணலும் இரைகொல்லிகளும். முன்னதைப் பற்றிய அறிவு எவ்வளவு வளர்ந்தாலும், பின்னதை அதனால் ஆள முடியவில்லை.

மணலுக்கு மாறாகத் திசு

எர்டுமனின் நாடாப்புழுக் கொள்கையும் முழுமையாக நிலைக்கவில்லை. விலங்கியலாளர் லிஸ்டர் சேம்சன் 1902-இல் ஐரோப்பியக் கடற்கரை மட்டிகளை ஆராய்ந்து, முத்தைத் தோற்றுவிப்பது மையத்தில் உள்ள பொருளன்று, அதைச் சூழ்ந்துள்ள முத்துப்பையே என்ற கருத்தை வலியுறுத்தினார். முத்துப்பை என்பது மேலுறையின் எபிதீலியச் செல்கள் தம் இடத்திலிருந்து பெயர்ந்து உடலின் உட்பகுதியில் உருண்டையான உறையாக அமைவது. தம் இயல்பான வேலையை மறவாத அச்செல்கள், ஓட்டின் மேல் சுரக்க வேண்டிய படிவைத் தாம் சூழ்ந்த வெற்றிடத்துக்குள் எல்லாப் பக்கமும் சமமாகச் சுரப்பதால் முத்து உருண்டையாகிறது. புழு துளைத்துச் செல்கையிலோ, மீன் கடித்தோ, ஓடு உடைந்தோ செல்கள் உள்ளே தள்ளப்படலாம். தள்ளிய காரணம் எதுவாயினும் விளைவு ஒன்றே. 1912-இல் சேம்சன் இலங்கை முத்துகளையே மறு ஆய்வு செய்து, நாடாப்புழு அவற்றின் மையத்தில் எர்டுமன் கருதிய அளவுக்குக் காணப்படவில்லை என வாதிட்டார். அடுத்த ஆண்டில் செருமானிய அறிஞர் ஆல்வெர்தசு, மேலுறைத் திசுவை மட்டும் நன்னீர் மட்டியின் உடலுக்குள் செலுத்தி முத்து உண்டாவதைக் காட்டினார். அங்கே மணலும் இல்லை, புழுவும் இல்லை.

செயற்கை முத்தின் வரலாறு இதே முடிவுக்கு வேறு வழியில் வந்தது. சீனாவில், பதின்மூன்றாம் நூற்றாண்டு தொடங்கி, நன்னீர் மட்டியின் ஓட்டுக்கும் மேலுறைக்கும் இடையே ஈயத்தாலான சிறு புத்தர் உருவங்களைச் செருகி, முத்துப்பூச்சுப் படிந்த உருவங்களைப் பெற்றனர். சப்பானில் மிக்கிமோத்தோ 1893-இல் பெற்ற முத்துகளும் ஓட்டோடு ஒட்டிய அரைமுத்துகளே. வெளிப்பொருளை ஓட்டுக்கும் மேலுறைக்கும் இடையே வைத்தால், மேலுறை அதை ஓட்டோடு சேர்த்துப் பூசிவிடுமே அன்றித் தனித்த முத்தாக்குவதில்லை. 1907-ஐ ஒட்டி நிசிக்காவா, மிசே ஆகிய இருவரும் முழு உருண்டை முத்தைப் பெற்றது, கருமணியோடு, அதாவது முத்தின் மையமாக வைக்கும் மணியோடு, மற்றொரு சிப்பியின் மேலுறைத் துண்டையும் சேர்த்து உள்ளே வைத்ததால்தான். இன்று சீனாவில் பெருமளவில் விளைவிக்கப்படும் நன்னீர் முத்துகளுள் பெரும்பாலானவற்றில் கருமணியே வைக்கப்படுவதில்லை. மேலுறைத் துண்டு மட்டுமே போதுமானதாய் உள்ளது.

மன்னார் வளைகுடாவில் இந்த அறிவு பயன்பட்டது, இயற்கைச் சலாபம் முடிந்த பின்னரே. தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை தொடர்ந்து நடந்த குளிப்புகளே அங்கு நிகழ்ந்த கடைசிச் சலாபங்கள். 1973-இல், அந்நகரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர் க. அழகர்சாமி தலைமையில், மேலுறைத் துண்டும் கருமணியும் வைக்கும் முறையால் இந்தியாவின் முதல் வளர்ப்பு முத்து உருவாக்கப்பட்டது.

இத்தனைக்குப் பின்னும் மணல் துகள் கதை வழங்குவதற்குக் காரணம் அதன் எளிமை மட்டுமன்று. அக்கதை சிப்பியின் இயல்புக்கே மாறானது: மணலும் சேறும் கலங்கும் நீரில் வாழும் உயிரினமாகிய சிப்பி, நாள்தோறும் நீரை வடித்து உண்பது. உள்ளே நுழையும் துகள்களைச் சளியில் பொதிந்து வெளியேற்றும் ஏற்பாடு அதன் உடலிலேயே உள்ளது. மணலே முத்தாகுமெனில், முத்தில்லாத சிப்பியே இருக்க முடியாது. வளர்ப்பு முத்துகள் சந்தைக்கு வந்து இயற்கை முத்தோடு கலந்த 1920-களில், இரண்டையும் பிரித்தறிய லண்டன் வணிகர் கழகம் 1925-இல் ஆய்வகம் அமைத்தது. அன்று தொடங்கி இன்றுவரை ஊடுகதிர்ப் படங்களில் இயற்கை முத்தின் மையத்தில் காணப்படுவது பெரும்பாலும் கரிமப் பொருளின் இருண்ட புள்ளியும் அதைச் சூழ்ந்த வளர்ச்சி வளையங்களுமே. ஆனால் வளர்ப்பு முத்தின் மையத்தில் உண்மையாகவே ஓர் அயற்பொருள், பெரும்பாலும் அமெரிக்க நன்னீர் மட்டியின் ஓட்டிலிருந்து கடைந்த மணி, இருக்கிறது. தொழிற்சாலை முறையில் கருமணி வைக்கப்படுவதைக் கேள்வியுற்றோர், இயற்கையில் அந்த இடத்தில் மணல் இருக்கும் என ஊகித்துக்கொள்வது எளிதாயிற்று. உடன் வைக்கப்படும் திசுத்துண்டு கண்ணுக்குச் சிறியதாயினும் செயலில் முதன்மையானது என்பது இவ்வூகத்தில் விடுபட்டுப்போனது.

ஆகவே, அறிவியல் மழைத்துளிக் கதையை வென்று மணல் துகள் கதையை நிறுவியது என்று இவ்வரலாற்றைச் சுருக்குவது பிழையாகும். அறிவியலின் விடை, ரோந்தெலே நோய்த்திரட்சி என்று சொன்ன 1554-லிருந்தே சிப்பியின் உடலுக்குள் தேடப்பட்டது. ஆல்வெர்தசு செய்த சோதனையோடு அது நிறுவவும்பட்டது. வெளியிலிருந்து வரும் பொருளைக் காரணமாகக் கொள்ளும் வழக்கம் அதற்குப் புறத்தே தன் போக்கில் தொடர்ந்து, நம்பத்தகாததாகிவிட்ட துளியைக் கைவிட்டு, நம்பத்தக்கதாகத் தோன்றிய மணலைப் பற்றிக்கொண்டது. பழைய நம்பிக்கை ஒன்றை இன்றைய அறிவோடு ஒத்திட்டு எள்ளுவோர், அதே அளவையால் தம் காலத்து நம்பிக்கையையும் அளக்க வேண்டும் என்பதையே முத்தின் வரலாறு உணர்த்துகிறது. ஏனெனில் சுவாதி மழையைச் சொன்ன புலவருக்குச் சிப்பியை அறுத்துப் பார்க்கும் வாய்ப்பு இருக்கவில்லை, மணலைச் சொல்வோருக்கோ அவ்வாய்ப்பு நூறாண்டுக்கும் மேலாக இருந்து வருகிறது.